ஊறவைக்கக் கூடாத விதை

கோவிந்தம்மாள் தன் விரல் போனதைப் பற்றி யாரிடமும் பெரிதாகச் சொல்ல மாட்டாள். இடுப்பு போனதைத்தான் சொல்வாள்.

விரல் போனது தருமபுரிப் பக்கம் ஒரு கல் பட்டறையில். பாலிஷ் போடுவதற்காகச் சாய்த்து வைத்திருந்த பலகைக்கல் சரிந்து, வலது கையின் நடுவிரலை அடியோடு நசுக்கிவிட்டது. மிச்சம் நாலு விரல் இருந்தது. அதைக் கொண்டே சோறு தின்றாள், களை வெட்டினாள், மாடு கறந்தாள். வாசல் மெழுகும்போது மட்டும் விரல் இல்லாத இடத்தில் சாணிக் கோடு ஒன்று தடித்து விழும். "கோயிந்தம்மா மொழுவுன வாசலுக்கு ரேகை வெக்கவே வேண்டாம்" என்று எதிர்வீட்டு நஞ்சப்பன் பொங்கலுக்குப் பொங்கல் கிண்டல் செய்வான். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

இடுப்பு அப்படி இல்லை. பட்டறையை விட்டபின் மொரப்பூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் தக்காளி சுமக்கப் போனாள். தக்காளி விளைவது கீழே ஓடையோரப் பள்ளத்தில். லாரி நிற்பது மேலே ரோட்டில். நடுவே இருப்பது ஒரே ஏற்றம். தலையில் பெட்டியோடு அந்த ஏற்றத்தை வருசக்கணக்காக மிதித்து மிதித்து, ஒருநாள் காலையில் பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தாள். அன்றைக்குப் பிறகு இடுப்புக்குள் யாரோ ஆணி அடித்து வைத்தது போல ஒரு வலி. அது தூங்கும்போதும் தூங்காது. புருசன் செத்துவிட்டான். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். படுத்துக் கிடந்தால் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அதனால் மறுபடியும் பெட்டியைத் தூக்கினாள்.

அந்த ஏற்றத்துக்குப் பாதியில், பச்சை வலை போட்ட ஒரு செட் இருந்தது. தோட்டத்துக்காரர் பெங்களூரில் இருப்பவர். அவருக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணன் தருமபுரியிலிருந்து பைக்கில் வருவான். முப்பது வயதிருக்கும். எந்நேரமும் காதில் போன். அந்த செட்டுக்குள் அவன் ட்ரே ட்ரேயாக ஏதோ முளைக்கவைத்தான். பெங்களூர் ஓட்டல்களுக்குப் போகிற பொருளாம். முளைத்து விரல் நீளம் வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி, அப்படியே பச்சையாகத் தட்டில் வைத்துத் தின்பார்களாம்.

"வளர்றதுக்குக்கூட வுட மாட்டானுங்களா? அப்பிடி என்னா அவசரம் அவனுங்களுக்கு?" என்று பெட்டி சுமக்கும் பெண்கள் சிரித்தார்கள்.

கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. வலைக்குள் நிழல் இருந்தது. இடுப்பளவு உயரத்துக்கு மேசை இருந்தது. குனிய வேண்டாம், சுமக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்கூட இருந்தது. ஏற்றத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்டூலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவள் மேலே போவாள்.

ஒருநாள் அவளே போய்க் கேட்டுவிட்டாள். "சார், என்னய அந்த வலைக்குள்ள போடுங்க. இன்னொரு மழைக்காலம் இந்தப் பெட்டிய என்னால தூக்க முடியாது."

கலைவாணன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பூவிழியும் கேட்டிருக்காம்மா. ரெண்டு பேரும் வந்து பாருங்க. ஆனா அங்க ஒரு ஆளுக்குத்தான் வேலை. இந்தத் தடவ பெங்களூருக்கு லோடு சரியாப் போகட்டும். யார் கை சுத்தமோ அவங்க இருங்க. இன்னொருத்தர் தக்காளிக்கே போயிடணும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது."

பூவிழி, கோவிந்தம்மாளின் தெருவுக்கு மருமகளாக வந்தவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். பச்சை உடம்பு. பெட்டியைத் தூக்கி நின்றாலே முகம் வெளுத்துவிடும். அவள் தனக்குப் போட்டியாக வந்தது கோவிந்தம்மாளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு வயது இருக்கிறது, நமக்கு எங்கே இருக்கிறது என்று நினைத்து மனதைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ட்ரேயில் தென்னை நார்த்தூளை நிரப்பி, தட்டிச் சமன் செய்து, விதையைப் பரப்பி, இருட்டாக மூடிவைக்க வேண்டும். முளைவிட்டதும் திறந்து வெளிச்சம் காட்ட வேண்டும். பட்டாணியும் சூரியகாந்தியும் முதல்நாளே ஊறவேண்டும். இதை ஒரே நாளில் இரண்டு பேரும் பழகிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் புது விதை வந்தது. கலைவாணன் பாக்கெட்டைப் பூவிழி கையில் கொடுத்தான். உள்ளே செங்கல் நிறத்தில், எள்ளைவிடச் சின்னதாக இருந்தது.

"இது என்னாங்க சார்?"

"கிரெஸ்."

"கிரீஸா? வண்டிக்குப் போடறதா?"

"கிரெஸ்ஸும்மா. காரமா இருக்கும். இதுதான் முக்கியம். பெரிய ஓட்டல் ஒண்ணு கேட்டிருக்குது. இந்த ஒரு பாக்கெட்டு வரவழைக்கவே எனக்கு உயிர் போயிடுச்சு. நாளைக்குப் போட்டுடுங்க." அதற்குள் போன் அடிக்க, பேசிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் பூவிழி, "பெரிம்மா, பால் பத்தாம புள்ள அழுவும், நான் முன்னால போறேன்" என்று பாக்கெட்டைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். கோவிந்தம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் என்னவோ எழுதியிருந்தது. எல்லாம் இங்கிலீசு. ஒரு விதையை எடுத்துக் கடித்தாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகைக் கடித்தது போலச் சுள்ளென்று மூக்குக்கு ஏறியது.

வாழ்நாளெல்லாம் விதைத்தவள் அவள். அவரையோ, பாகலோ, புடலையோ, தோல் கெட்டியான எதையும் ஈரத்துணியில் ஊறப்போடாமல் அவள் மண்ணில் போட்டது கிடையாது. இந்த செட்டுக்குள்ளும் பட்டாணி ஊறியது, சூரியகாந்தி ஊறியது. இதுவும் விதைதானே. இப்போதே ஊறப்போட்டுவிட்டால், காலையில் சார் வருவதற்குள் விதைத்து மூடிவிடலாம். வேகமான கை என்று பேர் கிடைக்கும். பாக்கெட்டை அப்படியே ஒரு போசியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் போசியைத் திறந்தால் உள்ளே விதை இல்லை. கோழை இருந்தது.

விதை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வழுவழுவென்று ஒரு கூடு கட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, பாத்திரம் பூராவும் ஒரே உருண்டையாகக் கிடந்தது. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை போல. கை விட்டு அள்ளினால் மொத்தமும் சேர்ந்து எழும்பி வழிந்தது. உதறினால் விரலை விட்டு விழாமல் தொங்கியது.

பூவிழி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊறப்போட்டீங்களா பெரிம்மா?"

"போட்டுட்டேன்."

"சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்."

"சொல்லிட்டு? நான் பெட்டி தூக்கப் போறதா?"

பூவிழி கையில் எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

கோவிந்தம்மாள் முதலில் விரலால் கிள்ளித் தூவிப் பார்த்தாள். கட்டி கட்டியாக விழுந்தது. அதோடு நார்த்தூளைச் சேர்த்துப் பிசைந்து பார்த்தாள், களிபோலத் திரண்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைக் சத்தம் எந்த நிமிசமும் கேட்கும். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. போசியில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஒரு கை அள்ளி ட்ரேயில் போட்டு, வாசல் மெழுகுவது போல ஒரே இழுப்பாக இழுத்தாள். பரவியது. அடுத்த கை, அடுத்த இழுப்பு. மேசையோரம் நின்றபடி ஒவ்வொரு ட்ரேயையும் மெழுகிக்கொண்டே போனாள். பூவிழி எதுவும் கேட்காமல் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக மூடினாள்.

கடைசி ட்ரேயும் மூடியபின் போசியின் அடியில் இரண்டு கை அளவுக்கு மிஞ்சியிருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் டீ போடும் காசியம்மாள் தூக்கோடு உள்ளே வந்தவள், போசியைப் பார்த்ததும் நின்றாள். அவள் வீட்டில் பேசுவது கன்னடம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

"என்னா இது? ஆள்வி மாதிரி இருக்குதே."

"என்னா வி?"

காசியம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "ஆள்வியேதான். எங்க பக்கம் புள்ள பெத்தவளுக்கு இத ஊறவெச்சு, பால் வெல்லம் போட்டுக் காச்சிக் குடுப்பாங்க. பால் நல்லா ஊறும், இடுப்பும் நிக்கும்பாங்க. மூணு புள்ளைக்கும் நான் குடிச்சிருக்கேன். இத எதுக்கும்மா ட்ரேயில போடறீங்க?"

"பெங்களூர்க்காரன் திங்கறதுக்கு" என்றாள் பூவிழி.

"அவன் என்னா புள்ள பெத்திருக்கானா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோவிந்தம்மாள் அந்த மிச்சத்தைப் பூவிழியின் டிபன் டப்பாவில் வழித்துப் போட்டாள். "மருந்து தடவாத வெதன்னு சார் சொல்லியிருக்காரு. வூட்டுக்குப் போயி காச்சிக் குடி கண்ணு. புள்ளைக்குப் பால் பத்தலன்னு சொன்னியே."

சொன்னபோது அவள் முகத்தைப் பூவிழி பார்த்தாள். கொடுப்பது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாதி பிள்ளைக்காக, பாதி வாயை அடைக்க. பூவிழி டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கலைவாணன் வந்தான். மூடிக்கிடந்த ட்ரேக்களைப் பார்த்தான். "அதுக்குள்ள முடிச்சுட்டீங்களா? பரவாயில்லையே" என்றான். காசியம்மாள் டீயை நீட்டிக்கொண்டே, "சார், இது எங்கூர் ஆள்விங்க" என்றாள்.

"இருக்கும். ஆனா ஆள்வின்னு சொன்னா ஓட்டல்காரன் வாங்க மாட்டானே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான்.

அதற்கப்புறம் மூடியைத் திறக்கும்வரை கோவிந்தம்மாளுக்கு நிம்மதி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடுப்புக்குள் இருந்த ஆணியை யாரோ கொஞ்சம் கழற்றிவிட்டது போல இருந்தது. இது நிலைக்க வேண்டும் என்று தீர்த்தமலை ஈசுவரனுக்கு வேண்டிக்கொண்டாள். மலை ஏறி வருகிறேன் என்று வேண்டவில்லை. அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றுதான் வேண்டினாள்.

மூடியைத் திறக்கும் நாளில் கலைவாணன் கூடவே நின்றான். முதல் ட்ரேயைப் பூவிழி திறந்தாள்.

முளைத்திருந்தது. நன்றாகவே முளைத்திருந்தது. ஆனால் தலைமுடி வாரியது போல வளைவு வளைவாக முளைத்திருந்தது. விரல் போன வழியெல்லாம் வெறும் நார்த்தூள் தெரிந்தது. விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒதுங்கிய விதை கோடு கோடாக எழும்பி நின்றது. அந்தக் கோடுகளுக்கு நடுவில், ஒவ்வொரு வளைவிலும், ஒரு கோடு மட்டும் கயிறு போலத் தடித்து, நெருக்கியடித்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முளைத்திருந்தது.

அடுத்த ட்ரேயும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. ஒரு வரிசை பூராவும் யாரோ பொங்கலுக்கு மெழுகிவிட்டுப் போன வாசல் போலக் கிடந்தது.

கோவிந்தம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன இது?" என்றான் கலைவாணன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை போல இருந்தது. "இப்பிடியா வெதைப்பாங்க? நெருக்கமா இருக்கறது அழுகிப் போவும். காலியா இருக்கறத யார் தலையில கட்றது? ஊறப்போட்டீங்களா இத?"

பூவிழி மூடிகளை எடுத்து ஓரமாக அடுக்கினாள்.

"பாக்கெட்டு மேலயே போட்டிருக்குதே, தண்ணியில போடாதேன்னு. நான் உங்கிட்டதான பூவிழி குடுத்தேன்? நீ பத்தாவது படிச்சவதான? ஒரு வரி படிச்சுப் பாக்கத் தெரியாதா? அவங்க வயசானவங்க, நீ சொன்னாக் கேட்டிருப்பாங்க. புள்ள ஞாபகத்துலயே இங்க நின்னுக்கிட்டிருந்தா இப்பிடித்தான் ஆவும்."

பூவிழி ட்ரேயைப் பார்த்தாள். அந்தத் தடித்த கோட்டின் மேல் அவள் பார்வை ஓடி நின்றது. அவளும் அதே தெருக்காரிதான். எதிர்வீட்டுக் கிண்டல் அவளுக்கும் தெரியும். மெதுவாகத் திரும்பிக் கோவிந்தம்மாளின் முந்தானையைப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து நீ தக்காளிக்குப் போயிடு பூவிழி" என்றான் கலைவாணன்.

"சரிங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாள். மேசையோரம் இருந்த டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைத்தாள்.

கோவிந்தம்மாள் நின்றபடியே நினைத்துப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் முடிந்தது. ஸ்டூல் அவளுக்கு. நிழல் அவளுக்கு. ஆனால் இந்த ட்ரேக்கள் இங்கேயேதான் கிடக்கப்போகின்றன. நன்றாக இருப்பதை வெட்டி எடுக்கிறவரை கலைவாணன் தினமும் வந்து பார்ப்பான். இன்றைக்குக் கோபத்தில் தெரியாதது நாளைக்குத் தெரியும். தெரியாமலே போனாலும், அவன் வரும்போதெல்லாம் ஒரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எத்தனை நாளைக்கு வேலை செய்வது? ஒரே தெருவில் இருந்துகொண்டு தினமும் இந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? யோசிக்க யோசிக்க அவளுக்கு அலுப்பாக வந்தது. சுமக்கிறதுதான் சுமக்கிறோம், அதற்குப் பெட்டியே தேவலை என்று தோன்றியது.

கையை வெளியே எடுத்தாள். முளைத்த கோட்டின் மேல் விரல்களைப் பொருத்தி வைத்தாள். ஒவ்வொரு விரலும் அதனதன் வெற்றிடத்தில் போய் உட்கார்ந்தது. தடித்த கோடு, விரல் இல்லாத சந்துக்குள் சரியாக நின்றது.

"இது என் கை சார். நான்தான் ஊறப்போட்டேன். அவ அப்ப இங்க இல்ல."

கலைவாணன் கையையும் ட்ரேயையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவனுக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவரும் இன்றைக்குப் போன் செய்வார்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"சொன்னா அனுப்பிடுவீங்க."

"இப்ப மட்டும் வெச்சுக்குவேன்னா?"

"இல்லீங்க. அதான் சொல்லிட்டேன்."

"பூவிழி, பைய வை" என்றான் கலைவாணன். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் கோவிந்தம்மாள் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். கீழே பள்ளத்தில் யாரோ பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். முதல் ஏற்றத்திலேயே ஆணி தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வலையருகே வந்தபோது அவள் ஸ்டூலைப் பார்க்கவில்லை. பார்த்து ஆவதென்ன. உள்ளே கத்தரிக்கோல் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நல்லதாக இருந்ததை மட்டும் கிள்ளி டப்பாவில் அடைத்து அனுப்பப்போகிறார்களாம். பெங்களூரில் யாரோ அதைத் தட்டில் வைத்து, காரமாக இருக்கிறது என்று சொல்லித் தின்பார்கள். அதற்குப் பேர் கிரெஸ் என்றாலும் ஆள்வி என்றாலும் இந்த ஏற்றம் ஒரு அடி குறையப்போவதில்லை.

மத்தியானம் புங்கமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூவிழி டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து, தன் பங்கில் பாதிக் களியைக் கிள்ளிக் கோவிந்தம்மாளின் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் கோவிந்தம்மாள் வாங்கிக்கொண்டாள்.

"சார் உன்னத் திட்டறப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஏங்கண்ணு சொல்லல?"

"உங்களுக்கு இடுப்பு முடியலன்னு தெரியும். எனக்கும் ஒடம்பு முடியல. யார் போவணும்னு நான் எப்பிடிச் சொல்றது? சும்மா இருந்துட்டேன்."

கோவிந்தம்மாள் களியை ஒரு வாய் வைத்தாள்.

"அத காச்சிக் குடிச்சியா?"

"குடிச்சேன் பெரிம்மா. வழவழன்னு எறங்க மாட்டேங்குது. காசியக்கா சொன்ன மாதிரி வெல்லம் போட்டுக் குடிச்சேன்."

"பால் வந்துச்சா?"

பூவிழி வலைப் பக்கம் பார்த்தாள். "கொஞ்சம் வருது. ராத்திரி புள்ள அழுவாம தூங்குது. நீங்க குடுத்ததாலயா, இல்ல இத்தன நாளா நெழல்ல நின்னதாலயா, தெரியல."

கோவிந்தம்மாள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். மேலே ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலையும் அப்புறம் இன்னொன்றையும் ஊன்றி எழுந்தாள்.

"நெழலாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து இறங்கினாள்.